பனியில் தனி ஆள்

ஜாசினிலிருந்து அசகானுக்குப் போகும்போது செம்பனை வரிசைகளுக்கு மேலே லேடாங் மலை எழுந்து நிற்கும். உயரம் 1,276 மீட்டர். உச்சி ஜொகூர் எல்லைக்குள் இருந்தாலும், மலாக்கா தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை வேறு மாநிலத்து மலையாக நினைத்ததில்லை. 1854-இல் இதில் ஏறிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், மேலே பாறைவெளியில் தண்ணீர் கிடைக்காமல் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்தார். அதில் பூச்சிகள் மிதந்தன, ருசி மோசமில்லை, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்.

மலையுச்சித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதில் வியப்பில்லை. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது என்பது உண்மைதான், ஆனால் இந்த உயரத்தில் அது அதிகமில்லை. உலகச் சராசரியாக ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மலாக்கா நகரில் 27 டிகிரி என்றால் லேடாங் உச்சியில் 19 அல்லது 20. நம் பகுதியின் ஈரக் காற்று இதைவிடவும் மெதுவாகத்தான் குளிரும். நீராவி மேகமாகத் திரளும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. அதனால் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்று உறைநிலையைத் தொட ஏறக்குறைய 5,000 மீட்டர் ஏற வேண்டும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவிலேயே நிரந்தரப் பனி கிடையாது. சில விடியற்காலைகளில் மொட்டைப் பாறை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மெல்லிய பனிக்கட்டி படரும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாட்டிலிருந்து 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அங்கே கால்வைத்த முதல் மலேசியர்கள் இரண்டு தமிழர்கள். அதற்குப் பிறகு வந்த தலைமுறைக்குப் பனி எட்டாத பொருளாகத் தெரியவில்லை. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மலிவு விமானத்தில் ஏறி டிசம்பரில் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். கொரியாவின் ஜெஜு தீவிலுள்ள ஹல்லாசான் மலை 1,947 மீட்டர். நல்ல பாதை, வழியெல்லாம் பலகைகள். லேடாங் ஏறியவனுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. நண்பர்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் தனியாகவே கிளம்பிவிடலாம் என்றும் தோன்றும்.

அங்கேதான் கணக்கு மாறுகிறது. லேடாங்கிலும் கினபாலுவிலும் பழகிய கால்கள் பனியிலும் நடக்கும்; தொடை வலிமை எங்கேயும் ஒன்றுதான். மாறுவது உடம்புக்கும் வெப்பத்துக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கல். அது தவறிப்போனால் முதலில் பழுதாவது, தவறிப்போனதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளை.

முதலில் வியர்வையைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் உண்டாக்கும். முதுகில் பையுடன் ஏற்றம் ஏறும்போது அது ஐந்தாறு மடங்காகும். குளிருகிறதே என்று தடித்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவன் அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடுவான். நடந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. படமெடுக்க நின்றதும் வெப்ப உற்பத்தி சரிந்துவிடும். ஈரத் துணியோ தோலோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதை நிறுத்தாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அந்த ஈரத்தை உடம்புச் சூட்டிலேயே உலர்த்தவும் கணிசமான செலவு உண்டு. சட்டையிலுள்ள 200 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக 110 கலோரிக்கு மேல் போகிறது. மலாக்காவில் இந்தச் செலவுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. பனியில் அதே செலவு கடனாக ஏறும்.

அனுபவசாலிகள் கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும் என்றே கிளம்புவார்கள். பத்து நிமிட நடையில் உடம்பு சூடேறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மெல்லிய துணிகளைப் பல அடுக்காகப் போட்டு, ஏற்றத்தில் கழற்றி, நின்ற மறுநிமிடமே மாட்டிக்கொள்வார்கள். பருத்திச் சட்டை இங்கே நமக்கு வரம், அங்கே வினை. நனைந்தால் உலரவே உலராது. பாலியெஸ்டரில் தைத்த பந்துவிளையாட்டு ஜெர்சி அதைவிட எவ்வளவோ மேல். கம்பளி இரண்டையும்விட மேல்.

ஈரத்தின் வேலையைப் பார்க்கப் பனிமலைக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. லேடாங்கில் மாலை மழையில் நனைந்து, காற்றடிக்கும் பாறைமேல் இரவு முழுதும் மாட்டிக்கொண்டால் 18 டிகிரியிலேயே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நம் ஆட்கள் அதைக் காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காற்று இன்னொரு கணக்கு. நம் தோலைச் சுற்றி, நாமே சூடாக்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். வீசும் காற்று அதைத் துடைத்துக்கொண்டே போகிறது. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் ஊற்றிக் கூரைமேல் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். அந்த அளவீட்டிலிருந்து கிளைத்து, 2001-இல் திருத்தி அமைக்கப்பட்ட சூத்திரத்தைத்தான் இன்று வட அமெரிக்க வானிலை நிலையங்கள் பயன்படுத்துகின்றன. அதன்படி வெப்பமானி மைனஸ் 10 காட்டும் நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 20. மரங்களுக்குள் நடக்கும்போது இது தெரியாது. மரவரிசை முடிந்து முகட்டில் ஏறியதும் முகத்தில் அறையும்.

இந்த இடத்தில் இரண்டு பழைய நம்பிக்கைகளைத் தள்ளிவிடலாம். உடல்வெப்பத்தில் பாதி தலைவழியாகப் போகிறது என்பார்கள். தலை நம் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூடாமல் விட்டால் அந்தப் பங்குக்கு ஏற்பத்தான் வெப்பம் போகும். தொப்பி வேண்டும், ஆனால் தொப்பி மட்டும் காப்பாற்றாது. மற்றது சாராயம். ஒரு மடக்கு உள்ளே போனால் உடம்பு சூடேறும் என்று சம்சுவைப் பற்றித் தோட்டத்தில் சொன்ன அதே பேச்சைப் பிராந்தியை வைத்து ஐரோப்பாவிலும் சொன்னார்கள். குடித்ததும் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே பத்திரமாக இருந்த சூடான ரத்தம் வெளிப்பக்கம் ஓடிவருகிறது. தோல் சூட்டை உணர்கிறது, இதயமும் ஈரலும் சூட்டை இழக்கின்றன.

இனி மூளைக்கு வருவோம். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 35-க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைத் தாழ்வெப்ப நிலை என்கிறார்கள். இரண்டே டிகிரி. அந்த எல்லையை ஒட்டி நடுக்கம் உச்சத்துக்குப் போகும், விரல்கள் ஜிப்பை இழுக்க மறுக்கும், நாக்கு குழறும், கால் இடறும். கூடவே ஓர் அலட்சியமும் வந்து சேரும். கையுறை கீழே விழுந்தால் குனிந்து எடுக்கத் தோன்றாது. பையில் சாக்லேட் இருப்பது தெரியும், எடுத்துத் தின்னத் தோன்றாது. 32 டிகிரியை ஒட்டி நடுக்கம் நிற்கத் தொடங்கும். நடுங்குகிறவனுக்கு நிம்மதியாக இருக்கும், குளிர் விட்டுவிட்டது என்று. உண்மையில் உடம்பு நடுங்கும் திறனையே இழந்து கைவிட்டுவிட்டது. உறைந்து இறந்தவர்களில் சிலர் உடைகளைக் கழற்றிப் போட்ட நிலையில் கிடப்பதை மீட்புக் குழுக்கள் பார்த்திருக்கின்றன. இறுக்கி மூடியிருந்த ரத்தக் குழாய்கள் களைத்துப்போய்த் திறக்கும்போது தோலுக்குள் வெப்பம் பாய்ந்து, தீயில் நிற்பதுபோல் உணரச் செய்கிறது என்று கருதப்படுகிறது.

கூட ஓர் ஆள் இருந்தால் இதெல்லாம் வெறும் தொந்தரவு. “என்னப்பா, பேச்சு குழறுதே?” என்று ஒரு கேள்வி, உலர்ந்த சட்டை, இனிப்பான சூடான தேநீர், திரும்பி இறங்கும் முடிவு. தனியாக இருப்பவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது அவனுடைய குளிர்ந்த மூளை. அது கேட்காது. பசித்தவனுக்குப் பசி தெரியும், காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் தெரியும். இந்த நோய் தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. தனி நடைக்கும் துணையோடு போகும் நடைக்கும் உள்ள பெரிய வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான். கால் முறிவதும் வழி தவறுவதும் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

2023 மே 18 அன்று எவரெஸ்டில் நடந்ததைப் பாருங்கள். சீனப் பயணி ஒருவரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த கேல்ஜே ஷெர்பா, பால்கனி எனப்படும் பகுதியில் ஒரு மலேசிய மலையேறி கயிற்றைப் பற்றிக்கொண்டு தனியாக நடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். மைனஸ் 30 வரை இறங்கக்கூடிய இடம். தன் வாடிக்கையாளரிடம் உச்சியை விட்டுவிடச் சம்மதம் வாங்கி, அந்த மனிதரை 600 மீட்டர் கீழே இறக்கினார். அதற்கே ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. பிறகு இன்னொரு ஷெர்பா சேர்ந்துகொள்ள, தூங்கும் பாயில் சுருட்டி, பனியில் இழுத்தும் முதுகில் சுமந்தும் மூன்றாம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஹெலிகாப்டர். அன்று அந்த வழியே போனவர் பலர். அவரை ஒரு நோயாளியாகப் பார்த்து நின்ற கண் ஒன்று கிடைத்ததால் உயிர் மிஞ்சியது.

நார்வேயில் 1999 மே மாதம் நடந்தது இன்னும் விசித்திரம். ஆன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் மருத்துவர் பனிச்சறுக்கில் தலைகுப்புற விழுந்து, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். 80 நிமிடம் நீருக்குள். முதல் 40 நிமிடம் ஒரு காற்றுக் குமிழ் கைகொடுத்தது. பிறகு இதயம் நின்றது. ட்ரோம்சோ மருத்துவமனைக்கு வந்தபோது உள்வெப்பம் 13.7 டிகிரி. ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்பச் செலுத்தினார்கள். பிழைத்து, மறுபடி மருத்துவராகவே வேலைக்குப் போனார். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு என்பதே இதன் சூட்சுமம். உடம்பைச் சூடாக்கிப் பார்க்காமல் யாரையும் இறந்தவராக அறிவிக்காதே என்ற மருத்துவ விதிக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 13.7-ஐச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் கால்களைப் பற்றிக்கொண்டு, கைத்தொலைபேசியில் உதவி கேட்ட இரு நண்பர்கள்.

பனிச்சரிவிலும் இதே கதைதான். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அது அடுக்கடுக்காகப் படியும்போது, நடுவில் எங்கோ ஓர் அடுக்கின் மணிகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் சர்க்கரைபோல் உதிர்ந்து கிடக்கும். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவில் அந்த அடுக்கு உடைந்தால் மேலுள்ளது மொத்தமாக நழுவும். ஓடும்போது உரசி லேசாக உருகிய மணிகள், நின்றவுடன் ஒட்டி இறுகிவிடும். புதைந்தவனால் விரலைக்கூட அசைக்க முடியாது. ஐரோப்பிய விபத்துகளை அலசிய ஆய்வுகளின்படி முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர். அந்தக் காலத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பவன்தான் மீட்புப் படை. தனியாகப் போகிறவன் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து, புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியை வாங்கிக் கட்டிக்கொண்டாலும், அந்தச் சமிக்ஞையைக் கேட்க ஆள் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பனி மூடியபோது, 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தனர். ஆறாவது நாள், 25 அடிப் பனிக்குக் கீழே, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். கூடாரத்துக்குள் காற்று மிஞ்சியிருந்தது. ஆழத்துப் பனி வெளிக்காற்றைவிடக் குளிர் குறைந்தது. அது போர்வையாகவும் நின்றிருக்க வேண்டும். பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் அவர் இறந்தார். அவரைத் தேட ஒரு ராணுவமே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நல்லவேளையாக, ஹல்லாசான் போன்ற பாதைகளில் இந்த ஆபத்து குறைவு. அன்னபூர்ணா அடிவார முகாம் பாதையில் அப்படிச் சொல்ல முடியாது.

வழி தவறுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரப்பர் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும் மரங்கள் வரிசையில் நிற்கும். எங்கே நின்றாலும் நேர்கோடு கண்முன்னே இருக்கும். திசை தானாகப் பிடிபடும். பனி அந்த வசதியைத் துடைத்துவிடுகிறது. மூடுபனியும் சேர்ந்தால் தரைக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியாது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சௌமன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் மனிதர்களை நேராக நடக்கச் சொல்லிப் பின்தொடர்ந்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே தெரியாமல் கடந்தார்கள். கண்ணைக் கட்டினால் 20 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். நேராகத்தான் நடக்கிறோம் என்ற உறுதி மட்டும் யாருக்கும் குறையவில்லை. பனியில் முன்னால் தெரியும் காலடித் தடத்தை நம்புவதும் வீண். அது வழி தவறியவனின் தடமாகவும் இருக்கலாம்.

பகல் பொழுதிலும் நாம் ஏமாறுவோம். மலாக்காவில் வருடம் முழுதும் ஏழு மணிவாக்கில் விடிந்து ஏழு மணிக்கு மேல் இருட்டும். ஆண்டு முழுதும் பார்த்தாலும் பகலின் நீளம் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு மேல் மாறுவதில்லை. அந்தக் கடிகாரம் நம் எலும்பில் ஊறியது. கொரியத் தலைநகர் சியோலில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். ஐந்தேகாலுக்குச் சூரியன் விழுந்துவிடும். மதிய உணவுக்குப் பிறகு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நம் உடம்பு சொன்னால் அதை நம்பக் கூடாது.

சில்லறை விஷயங்கள் சில. குளிரில் லித்தியம் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகும். பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தும் கைத்தொலைபேசி திடீரென அணைந்துபோகும். உள்சட்டைப் பையில், உடம்போடு வைக்க வேண்டும். குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் உடம்பு நீரை இழக்கும், தாகமோ எடுக்காது. அதற்காகப் பனியை அள்ளித் தின்றால், ஒரு கிலோவை உருக்கி உடல்சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 115 கலோரி உடம்பிலிருந்து போகும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பங்கைத் திருப்பி அடிக்கும். நம் தோலின் கருமை தோலைக் கொஞ்சம் காக்கும், கண்ணைக் காக்காது.

தனி நடைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடமும் நியாயம் உண்டு. கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். திரும்பலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தனியாள் வெட்கமில்லாமல் திரும்பிவிடலாம். ரைன்ஹோல்ட் மெஸ்னர் 1980 ஆகஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் தனியாக எவரெஸ்ட் ஏறி இறங்கினார். ஜப்பானின் நவோமி உஎமுரா அவரைவிடவும் கவனமானவர். பனிப்பிளவில் விழுந்தால் குறுக்கே தடுத்து நிறுத்தும்படி நீளமான மூங்கில் கழிகளை உடம்போடு கட்டிக்கொண்டு நடந்தவர். 1984 பிப்ரவரி 12, தன் 43-ஆவது பிறந்தநாளில், அலாஸ்காவின் டெனாலியைக் குளிர்காலத்தில் தனியாக ஏறிய முதல் மனிதரானார். மறுநாள் வானொலியில் பேசினார். அதன்பின் அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. மூங்கிலால் பிளவிலிருந்து தப்பலாம். மங்கிவரும் தன் மூளையைத் தானே கவனிக்க எந்தக் கருவியும் அவரிடம் இருக்கவில்லை.

எனவே போவதானால், முடிவுகளை மூளை சூடாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஹல்லாசான் நிர்வாகம் இதைத்தான் செய்கிறது. குளிர்காலத்தில் நண்பகலை ஒட்டி நடுவழித் தங்குமிடத்தைத் தாண்டாதவர்களை மேலே விடுவதில்லை, கெஞ்சிப் பயனில்லை. கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது என்பதும் அதே வகை ஏற்பாடு. இப்படித் தடுத்து நிறுத்தும் வாயில் இல்லாத மலையில் அந்த வாயிலை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே நின்றாலும் திரும்புவேன் என்று முதல்நாள் இரவு விடுதி அறையில் எழுதி, வீட்டிலிருக்கும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிட வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் கீழே வருவேன், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கொரியாவில் மீட்புக்கு எண் 119. மலேசியாவிலிருந்து அதை நேரடியாக அழைக்க முடியாது என்பதால் தங்கியிருக்கும் விடுதியின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கொரிய நேரம் நம்மைவிட ஒரு மணி முன்னால். எந்த நாட்டு நேரம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கொரியப் பாதைகளில் இடக்குறியீட்டு எண் எழுதிய பலகைகள் நடப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டே ஏறினால், விரல் மரத்து நாக்கு குழறும் நேரத்திலும் கடைசிப் பலகையின் எண்ணை வாசித்துக் காட்டிவிடலாம்.